கிண்ணம் ஏன் புனலாச்சு?

அப்பாயி வீட்டுக் கொல்லையில ஒரு பலாமரம் இருந்தது. ஆலங்குடிப் பக்கம் பலாமரம் இல்லாத கொல்லையைப் பார்க்கிறதுதான் கஷ்டம், அதனால இதுல பெருமை ஒண்ணும் இல்லை. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்ச ராத்திரி அது வேரோட சாய்ஞ்சது. பெரிய துண்டெல்லாம் கதவு நிலைக்குப் போச்சு, சின்னதெல்லாம் அடுப்புக்குப் போச்சு. ரெண்டே ரெண்டு தடிமனான கட்டை மட்டும் பரண்ல கிடந்தது. போன வருஷம் லீவுக்குப் போனப்போ அதைப் பார்த்தேன். "இதுல உங்களுக்கு ஒரு கிண்ணம் கடைஞ்சு தர்றேன் அப்பாயி"ன்னு வாய் விட்டுட்டேன். "மரவையா? எங்க அம்மா வீட்ல உப்பு போட்டு வெக்க ஒண்ணு இருந்துச்சு"ன்னு அவங்க கண்ணு விரிஞ்சதும், இனி பின்வாங்க முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு.

முதல் கட்டை ஓட்டையாச்சு. கிண்ணம் கடையறவங்க இதைக் கிண்டலா 'புனல்'னு சொல்வாங்க. உளி உள்ளே இருந்து வெளியே வந்துடும். அதுக்குக் காரணம் உளியோ, கையோ, மரமோ இல்லை. நான் தப்பா அளந்தேன். மூணு வருஷம் மெக்கானிக்கல் படிச்சு, மெட்ராலஜி லேப்ல நல்ல மார்க்கும் வாங்கிட்டு, ஒரு கிண்ணத்தோட சுவர் எத்தனை மில்லிமீட்டர்னு எனக்கு அளக்கத் தெரியலை. அந்தக் கதையைத்தான் எழுதுறேன். (தமிழ்ல டெக்னிக்கலா எழுதுறது இதுதான் முதல் தடவை. ஸ்கூல்ல தமிழ் எனக்கு செகண்ட் லாங்குவேஜ் மட்டும்தான். பொறுத்துக்கோங்க.)

லேத்தே பார்க்காத மத்த டிபார்ட்மெண்ட் நண்பர்களுக்காக ஒரு நிமிஷம். கட்டையை ஒரு இரும்புத் தட்டுல திருகாணி போட்டு மாட்டி, மோட்டார்ல சுத்த விடுவாங்க. அந்தத் தட்டுக்குப் பேர் ஃபேஸ்பிளேட். திருகாணி கிண்ணத்துக்குள்ளே ஏறிடக் கூடாதுன்னு, அடியில வேற ஒரு வேண்டாத கட்டையை ஃபெவிகால் போட்டு ஒட்டி, அந்தக் கட்டையிலதான் திருகாணி இறக்குவோம். கட்டை சுத்தும்போது உளியைக் காட்டினா சீவல் சுருள் சுருளா வரும். பலான்னா மஞ்சள் மஞ்சளா வரும், பார்க்கவே அழகு. முதல்ல வெளிப்பக்கத்தை உருண்டையாக்கி முடிச்சிடணும். அப்புறம்தான் உள்ளே குடையணும். உள்ளே குடைய ஆரம்பிச்சதும் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம்: இன்னும் எவ்வளவு மரம் இருக்கு? கண்ணுக்கு உள்பக்கம் தெரியும், வெளிப்பக்கம் தெரியும். ரெண்டும் ஒரே நேரத்துல தெரியாது.

'கொஞ்சம் தடியாவே விட்டுட்டா என்ன?'ன்னு கேட்கலாம். நானும் கேட்டேன். தடியா இருக்கிறது கூடப் பிரச்சினை இல்லை, ஒரு இடம் தடியாவும் ஒரு இடம் மெல்லிசாவும் இருக்கிறதுதான் பிரச்சினை. மரம் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும், விட்டுக்கும். மெல்லிசான இடம் சீக்கிரம் காயும், சுருங்கும். தடியான இடம் மெதுவா காயும். ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிற இடம் விரிசல் விடும். பச்சை மரத்துல கடைஞ்சா இது இன்னும் மோசம். அதனாலதான் பச்சைக் கட்டையை ரெண்டு தடவையா கடைவாங்க. முதல் தடவை, விட்டத்துல பத்துல ஒரு பங்கு தடிமன் விட்டுட்டு, அதாவது 200 மி.மீ. கிண்ணம்னா 20 மி.மீ. சுவர் விட்டுட்டு, மாசக்கணக்கில் காய விடுவாங்க. அது கோணிக்கிட்டு நீள்வட்டமா ஆகும். அப்புறம் திரும்ப மாட்டி வட்டமாக்கி, அசல் தடிமனுக்குக் கொண்டு வருவாங்க. என் பலா ஆறு வருஷத்துக்கு மேல பரண்ல காய்ஞ்சது, அதனால ஒரே தடவையில முடிக்கலாம்னு இறங்கினேன்.

எங்கே கடைஞ்சேன்னா, ஊர்ல ஒரு கடைசல் பட்டறை. கட்டில் கால், மாடிப்படி கைப்பிடிக் கால், சப்பாத்திக் குழவி, இதெல்லாம்தான் அங்கே வேலை. பட்டறை அண்ணன் கிண்ணம் அதிகம் கடைஞ்சதில்லை. ஆனா முப்பது வருஷமா மரத்தைத் தொட்டுக்கிட்டே இருக்கிறவர். நான் பையில இருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்து டேபிள் மேல வெச்சதைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை. லேசா சிரிச்ச மாதிரி இருந்தது.

அந்த வெர்னியரைப் பத்தி முதல்ல சொல்லிடறேன். லீஸ்ட் கவுண்ட் 0.02 மி.மீ. நம்ம கையில இருக்கிறதுலயே துல்லியமான கருவி. கிண்ணத்துல அது 2 மி.மீ. பொய் சொல்லுச்சு. எப்படின்னா, வெர்னியரோட தாடை நேரான பட்டை. கிண்ணத்தோட உள்பக்கம் குழிவா இருக்கும். நேரான ஸ்கேலை ஒரு சட்டிக்குள்ளே வெச்சுப் பாருங்க, ரெண்டு முனைதான் தொடும், நடுவுல இடைவெளி இருக்கும். அதே கதைதான் இங்கேயும். என் கிண்ணத்தோட உள் வளைவு ஆரம் கிட்டத்தட்ட 60 மி.மீ. தாடை 30 மி.மீ. உள்ளே போச்சுன்னு வெச்சுக்கோங்க. நாணோட நீளத்தை ஸ்கொயர் பண்ணி, எட்டு மடங்கு ஆரத்தால வகுத்தா நடுவுல இருக்கிற இடைவெளி வரும். 900 வகுத்தல் 480. 1.9 மி.மீ. வருது. 6 மி.மீ. சுவரை அது 7.9னு காட்டும், அதுவும் ரெண்டு டெசிமல்ல, ரொம்ப நம்பிக்கையோட. போதாக்குறைக்கு அந்தத் தாடையோட நீளமே 40 மி.மீ.தான். 60 மி.மீ. ஆழக் கிண்ணத்தோட அடிக்கு அது எட்டவே எட்டாது.

சரின்னு அடுத்து அவுட்சைட் காலிப்பர் எடுத்தேன். வளைஞ்ச ரெண்டு கால் இருக்குமே, முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்ல பார்த்திருப்பீங்க. நுனி கூர்மையா இருக்கிறதால குழிவுல சரியாத் தொடும். விளிம்புக்குக் கிட்டே அருமையா அளந்தது. அடிக்குப் போகப் போக ஒரு சிக்கல். சுவர் உட்கார ஆரம்பிக்கும், அதாவது சாய்ஞ்சு சாய்ஞ்சு தரையா மாறும். நான் மேலே எப்படிப் பிடிச்சேனோ அப்படியே, காலிப்பரைக் கிடையா வெச்சே அளந்துக்கிட்டுப் போனேன். அந்த வளைவுல காலிப்பர் 8 மி.மீ.னு சொல்லுச்சு. எனக்கு வேண்டியது 5. இன்னும் 3 எடுக்கலாம்னு உளியை வெச்சேன்.

அந்த இடத்துல சுவர் செங்குத்துல இருந்து 60 டிகிரி சாய்ஞ்சிருந்தது. கிடையா அளந்ததை அந்தக் கோணத்தோட காஸ் மதிப்பால பெருக்கினாத்தான் உண்மையான தடிமன். காஸ் 60 அரை. 8 மி.மீ. இல்லை அது, 4 மி.மீ. அதுல 3 எடுத்தாச்சு. மிச்சம் இருந்தது ஒரு மில்லிமீட்டர். 'வழவழன்னு இருக்கட்டுமே'ன்னு கடைசியா ஒரு மெல்லிசுப் பூச்சு சீவினேன். விசில் மாதிரி ஒரு சத்தம், அப்புறம் உள்ளே இருந்து வெளிச்சம் தெரிஞ்சது. அண்ணன் ஸ்விட்சை அணைச்சார்.

"தம்பி, நீ குறுக்க அளக்குற. நான் வெட்டுறது நேரா"ன்னார்.

ஸ்லைஸ் போடாத பிரெட் பாக்கெட்டை நினைச்சுக்கோங்க. நேரா நறுக்கினா சின்னத் துண்டு, சாய்ச்சு நறுக்கினா பெரிய துண்டு. பிரெட் ஒண்ணும் வளர்ந்திடலை. சுவர் 30 டிகிரி சாய்ஞ்சிருந்தா கிடை அளவு 1.15 மடங்கு காட்டும், அது பரவாயில்லை. 45 டிகிரியில 1.41 மடங்கு. 60 டிகிரியில ரெண்டு மடங்கு. சரி, கிடையா வேண்டாம், மேலே இருந்து செங்குத்தா அளந்தா? விளிம்புக்குக் கிட்டே அது தப்பு, நடு அடியில அதுதான் சரி. விளிம்புல கிடை சரி, அடியில செங்குத்து சரி, நடுவுல இருக்கிற அந்த வளைவுல ரெண்டுமே தப்பு. பெரும்பாலான புனல்கள் பிறக்கிறது அந்த வளைவுலதான்.

இதுல நான் ரொம்ப நேரம் யோசிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. லேப்ல நமக்குச் சொல்லித் தர்ற பிழையெல்லாம் பிளஸ் ஆர் மைனஸ். சில தடவை கூடும், சில தடவை குறையும், பல தடவை எடுத்து சராசரி போட்டா சரியாகும். கிண்ணத்துல அப்படி இல்லை. வெர்னியர் தாடை வளைவுல உட்காராட்டி கூடக் காட்டும். காலிப்பர் சாய்ஞ்சா கூடக் காட்டும். ரெண்டு நுனியும் நேருக்கு நேர் இல்லாட்டி கூடக் காட்டும். காலிப்பரைப் பிடிக்கிற விதத்துல என்ன தப்பு வந்தாலும் அது ஒரே பக்கம்தான் சாயும், 'மரம் இன்னும் நிறைய இருக்கு'ன்னு சொல்ற பக்கம். சராசரி போட்டீங்கன்னா பொய்யை சராசரி போடுறீங்க. தடிமன்னா அந்த இடத்துல உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற மிகக் குறைஞ்ச தூரம். அதனால காலிப்பரை ஒரு இடத்துல வெச்சு மேலே கீழே, இடது வலது ஆட்டுங்க. எது சின்ன ரீடிங்கோ அதுதான் உண்மை. டயல் போர் கேஜை சிலிண்டருக்குள்ளே விட்டு, முன்னும் பின்னும் ஆட்டி, முள் திரும்புற இடத்துல ரீடிங் எடுப்போமே, அதே வேலை. ரெக்கார்ட் நோட்ல அதை ரெண்டு தடவை எழுதியிருக்கேன். ஒரு தடவை கூட ஏன்னு கேட்டதில்லை.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், காலிப்பரை வெளியே எடுக்கிறது. உள்ளே 6 மி.மீ.க்கு இறுக்கி வெச்சீங்க, ஆனா விளிம்பு 10 மி.மீ. தடிமன். எடுக்கணும்னா விரிக்கணும், விரிச்சா ரீடிங் போச்சு. இதுக்குன்னே எட்டு மாதிரி இருக்கிற ரெட்டைக் காலிப்பர் உண்டு. நடுவுல ஒரு ஆணி, ரெண்டு பக்கமும் கால். ஒரு பக்கம் எவ்வளவு விரியுதோ அதே அளவு மறுபக்கமும் விரியும். உள்ளே அளந்துக்கிட்டே வெளியே மறுமுனையை ஸ்கேல்ல பார்த்துக்கலாம். பிளைவுட்டுல நீங்களே வெட்டிக்கலாம், கஷ்டமில்லை. ஆனா ஆணியில இருந்து ரெண்டு பக்கமும் நுனி ஒரே தூரத்துல இருக்கணும். 6 மி.மீ. டிரில் பிட்டோட தண்டை ஒரு பக்கம் கடிக்க விட்டு, மறுபக்கம் 6 காட்டுதான்னு பார்த்துட்டுத்தான் நம்பணும்.

அண்ணன் காட்டினது இதைவிட மலிவு. கொஞ்சம் தடியான ஜி.ஐ. கம்பி ஒரு முழம். அதை நீளமான கொக்கி மாதிரி வளைச்சு, ரெண்டு நுனிக்கும் நடுவுல சரியா 20 மி.மீ. இடைவெளி இருக்கிற மாதிரி வெச்சார். விளிம்புல மாட்டி, உள் நுனியைச் சுவர்ல தொட வெச்சா, வெளி நுனிக்கும் வெளிச்சுவருக்கும் நடுவுல ஒரு சந்து தெரியும். சந்து 14 மி.மீ.ன்னா சுவர் 6. விரிக்க வேண்டாம், இறுக்க வேண்டாம். விளிம்பு எவ்வளவு தடியா இருந்தாலும் 20க்குள்ளே இருந்தாப் போதும், வெளியே வந்திடும். இதுலயும் கம்பியை ஆட்டணும், ஆனா தலைகீழா: சந்து எப்போ அதிகமா இருக்கோ அப்போதான் சுவரோட அசல் தடிமன். சந்தை அளக்க அவர் ஸ்கேல் கூட எடுக்கலை. ஈர்க்குச்சியை 14 மி.மீ.க்கு நறுக்கி, அது நுழையுதா இல்லையான்னு பார்த்தார். நுழைஞ்சா நிறுத்து, நுழையலைன்னா இன்னும் சீவு. கோ, நோ-கோ கேஜ்னு நாம செமஸ்டர் எக்ஸாம்ல எட்டு மார்க்குக்கு எழுதுறது தென்னை ஓலையில இருக்கு.

கையை மறக்காதீங்க. கட்டை விரலை உள்ளேயும் ஆள்காட்டி விரலை வெளியேயும் வெச்சு, மேலே இருந்து அடி வரைக்கும் இழுத்துக்கிட்டே வாங்க. 6னா 7னான்னு விரலால சொல்ல முடியாது. ஆனா 'இங்கே திடீர்னு தடிக்குது'ன்னு அது சொல்ற மாதிரி எந்தக் கருவியும் சொல்லாது. அண்ணன் முதல்ல விரலால தேடி, சந்தேகம் வர்ற இடத்துல மட்டும்தான் கம்பியைப் போடுவார். தட்டிப் பார்க்கிறதும் உண்டு. சுத்திலும் ஒரே மாதிரி ஒலிக்கணும், ஒரு பக்கம் மட்டும் ஒலி இறங்கினா அங்கே மெலிஞ்சிருக்கலாம். மிருதங்கக் கட்டையும் பலாதானே, பலாவைத் தட்டினா காதுக்கே தெரியும்னு அவர் சொன்னார். எனக்கு இன்னும் அந்தக் காது வரலை.

ரொம்ப மெல்லிசாப் போறவங்க வெளிச்சத்தை வெச்சு அளப்பாங்க. லேத்துக்குப் பின்னாடி ஒரு பிரகாசமான பல்பு, ஈரமான மரம். சுவர் ரெண்டு மூணு மில்லிமீட்டருக்கு இறங்கும்போது மரத்தோட உள்ளே இருந்து செம்மஞ்சளா வெளிச்சம் கசியும். சுத்திலும் ஒரே நிறம்னா ஒரே தடிமன். இருட்டா இருக்கிற இடம் இன்னும் தடி. உப்பு போடுற கிண்ணத்துக்கு இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம். ஆனா மெக்கானிக்கல் பசங்க பெருமைப்பட்டுக்க ஒரு தகவல்: மரக் கிண்ணத்தைக் கண்ணாடி மாதிரி மெல்லிசாக் கடைஞ்சு, அமெரிக்காவுல அதைக் கலையா மியூசியம் வரைக்கும் கொண்டுபோனவங்கள்ல முக்கியமானவர் ஜேம்ஸ் பிரெஸ்டினி (1908–1993). அவர் யேல்ல படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங்.

இந்த இடத்துல என்னோட இன்ஜினியரிங் மூளை திரும்ப முழிச்சுக்கிட்டது. 'அல்ட்ராசோனிக் கேஜ் வெச்சா ஒரே பக்கத்துல இருந்தே அளக்கலாமே, என்.டி.டி. லேப்ல இருக்கே'ன்னு தோணுச்சு. ஸ்டீல் குழாய்க்கு அது கடவுள். மரத்துக்கு இல்லை. ஸ்டீல்ல ஒலியோட வேகம் எந்தத் திசையிலயும் கிட்டத்தட்ட 5900 மீட்டர்/விநாடி. மரத்துல நார் போற திசையில ஒரு வேகம், குறுக்கே போனா அதுல மூணுல ஒரு பங்கு மாதிரி. பலகையைப் படுக்க வெச்சு கடைஞ்ச கிண்ணத்தைச் சுத்தி வந்தீங்கன்னா, ரெண்டு இடத்துல நார் சுவரைத் துளைச்சுக்கிட்டுப் போகும், ரெண்டு இடத்துல சுவரோட ஓடும். ஒரே 6 மி.மீ. நாலு இடத்துல நாலு விதமாத் தெரியும். அந்த ஐடியா செத்துப்போச்சு.

காந்தம் பொழைச்சது. மரத்துக்குக் காந்தம் ஒரு பொருட்டே இல்லை, நடுவுல காத்து இருக்கிற மாதிரிதான். உள்ளே ஒரு சின்ன நியோடிமியம் காந்தம், வெளியே 49இ ஹால் சென்சார், அது ஒரு ஆர்டுயினோவுக்குப் போகுது. காந்தம் தூரமாகத் தூரமாக சிக்னல் வேகமா விழும், அதனால மெல்லிசான சுவர்லதான் இது நல்லா வேலை செய்யும், நமக்கு வேண்டியதும் அதுதான். 2 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி 2, 4, 6, 8, 10க்கு ரீடிங் எடுத்து ஒரு டேபிள் போட்டேன். லீனியர் இல்லை, அதனால நேர்கோடு போட்டு ஏமாறாதீங்க. எனக்குப் பிடிச்சது என்னன்னா, சென்சாரை ஒரு இடத்துல வெச்சுட்டு உள்ளே காந்தத்தை நகர்த்தினா ரீடிங் ஏறி இறங்கும். அதிகமா வர்ற இடம்தான் மிகக் கிட்டே இருக்கிற இடம். காஸ் 60 எதுவும் போட வேண்டியதில்லை. அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே காட்டும், அவ்வளவுதான் அதோட யோக்கியதை. கிண்ணத்துக்கு அது தாராளம்.

ரெண்டாவது கட்டை. அதுக்கு மேல மரம் கிடையாது, வேற பலா வாங்கலாம், அந்தப் பலாவை வாங்க முடியாது. உளியை எடுக்கிறதுக்கு முன்னாடி நடுவுல ஒரு துளை போட்டேன். டிரில் பிட்டுல 60 மி.மீ.ல டேப் சுத்தி, அந்த ஆழம் வரைக்கும் மட்டும். குடையும்போது துளை மறைஞ்சா அடி வந்தாச்சுன்னு அர்த்தம். அடி தடிமன் கணக்குப் போடும்போது ஒட்டின வேண்டாத கட்டையைச் சேர்த்துடாதீங்க, ஃபெவிகால் கோட்டை பென்சில்ல குறிச்சுக்கோங்க. அப்புறம் விளிம்புல இருந்து 20 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் இறங்கி, 6 மி.மீ.க்கு முழுசா முடிச்சு, அளந்து, அதை அப்படியே விட்டேன். அப்புறம் அடுத்த 20. கீழே மரம் தடியா இருக்கும்போதுதான் மேலே சுவர் அசையாம நிக்கும். கீழே எல்லாம் குடைஞ்சு முடிச்சுட்டு, 'மேலே கொஞ்சம் தடி'ன்னு திரும்பிப் போனா, மெல்லிசுச் சுவர் உளிக்குப் பயந்து நடுங்கும், வெட்டு அலை அலையா வரும். அதாவது ஒவ்வொரு இடத்தையும் அளக்க உங்களுக்குக் கிடைக்கிறது ஒரே சான்ஸ், அந்தப் படியில இருக்கும்போது.

ஒவ்வொரு அளவுக்கும் லேத்தை நிறுத்தினேன். இதை மட்டும் யாராவது சோம்பேறித்தனமா விட்டுட்டீங்கன்னு கேள்விப்பட்டா நேர்ல வந்து திட்டுவேன். 160 மி.மீ. கிண்ணம் 1000 ஆர்.பி.எம்.ல சுத்தும்போது விளிம்பு மணிக்கு 30 கி.மீ. வேகத்துல போகுது. அதுக்குள்ளே ஒரு கம்பியை விட்டா, கம்பி உங்க கையோட சேர்ந்துதான் வரும். முகத்துக்கு ஷீல்டும் வேணும், மெலிஞ்ச சுவர் உடைஞ்சா துண்டு முகத்தை நோக்கித்தான் பறக்கும்.

வளைவுக்கு வந்தப்போ கை நடுங்கினது உண்மை. கம்பி, ஈர்க்குச்சி, விரல், சென்சார், நாலையும் போட்டேன். நார் துளைக்கிற ரெண்டு இடம், நார் ஓடுற ரெண்டு இடம், நாலு பக்கமும் தனித்தனியா. 7, 7, 6.5, 7.5. இலக்கு 6. இன்னும் ஒரு பூச்சு எடுக்கலாம்னு கை போச்சு. அண்ணன் ஒண்ணும் சொல்லலை, ஸ்விட்ச் பக்கத்துல போய் நின்னுக்கிட்டார். நான் உளியைக் கீழே வெச்சுட்டு சாண்ட்பேப்பரை எடுத்தேன்.

விளிம்பு 6, வளைவு 7 சொச்சம், அடி 9. தேங்காய் எண்ணெய் தடவி அப்பாயி கையில கொடுத்தேன். தூக்கிப் பார்த்துட்டு, "நல்லாத்தான் இருக்கு, எங்க அம்மா வீட்டு மரவை இதைவிட லேசா இருக்கும்டா"ன்னாங்க. இப்போ அதுல கல் உப்பு இருக்கு. மழைக்காலம் முடிஞ்சு போனப்போ விட்டத்தை அளந்து பார்த்தேன்: நார் திசையில 160, குறுக்கே 159. பொங்கலுக்குப் போகும்போது திரும்ப அளக்கணும்.